ஹோம் டெஸ்ட் கிட் தட்டுப்பாட்டில் எங்கே தேடுவது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 டிசம்பரில் அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி மூலைக்கு மூலை கிடைத்தது. வீட்டிலேயே எடுத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துகொள்ளும் ஆன்டிஜென் கிட்தான் கிடைக்கவில்லை. ஒமைக்ரான் பரவத் தொடங்கிய அதே நேரத்தில் கிறிஸ்துமஸ் பயணமும் சேர்ந்துகொள்ள, மருந்துக்கடை வாசல்களில் ‘கிட் இல்லை’ என்று தாள் ஒட்டிவிட்டார்கள். வால்கிரீன்ஸில் ஒருவருக்கு நான்கு, சிவிஎஸ்ஸில் ஆறு என்று வரம்பு வைத்தும் அலமாரிகள் காலியாகவே இருந்தன.

இந்த நிலைமைக்கு விதை அந்தக் கோடையிலேயே விழுந்துவிட்டது. தடுப்பூசி போட்டாயிற்று, இனி டெஸ்ட் எதற்கு என்று மக்கள் வாங்குவதைக் குறைத்தார்கள். பைனாக்ஸ்நவ் கிட்டைத் தயாரிக்கும் அபாட் நிறுவனம் உற்பத்தியைச் சுருக்கி, ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பியது. டெல்டா வந்தபோது மறுபடி ஆள் சேர்த்து உற்பத்தியை ஏற்ற மாதக்கணக்கில் ஆனது. இங்கிலாந்தில் 2021 ஏப்ரலிலிருந்தே யார் வேண்டுமானாலும் வாரம் இரண்டு டெஸ்ட் இலவசமாக எடுக்க முடிந்தது. இங்கோ அப்போது இரண்டு டெஸ்ட் உள்ள ஒரு பெட்டி சுமார் 24 டாலர். டிசம்பர் 6ஆம் தேதி வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்பில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஒவ்வொரு அமெரிக்கருக்கும் ஒன்று அனுப்பிவிடலாமா என்று அப்போதைய செய்தித் தொடர்பாளர் ஜென் சாகி கொஞ்சம் கிண்டலாகவே திருப்பிக் கேட்டார். ஆறு வாரம் கழித்து அரசே தபாலில் அனுப்ப ஆர்டர் எடுக்கத் தொடங்கியது.

அந்தத் தபால் திட்டம் பலமுறை நின்று, மறுபடி தொடங்கி, 2025 மார்ச்சில் முடிந்துபோனது. தனியார் இன்ஷூரன்ஸ் ஆளுக்கு மாதம் எட்டு டெஸ்டுக்குப் பணம் தரவேண்டும் என்ற விதி 2023 மே 11ஆம் தேதியோடு போய்விட்டது. சரி, அப்படியானால் இந்தக் கட்டுரை எதற்கு? அடுத்த அலையோ அடுத்த நோயோ வரும்போது திட்டங்களின் பெயர்கள் மாறியிருக்கும், கிட் மக்கள் கைக்கு வரும் வழிகள் அவ்வளவாக மாறியிருக்காது. அந்தக் குளிர்காலத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை வைத்துத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அந்த வரிசை உங்களுக்குத் தலைகீழாகத் தெரியலாம். எல்லோரும் கடையில் தொடங்குவார்கள், நான் கடையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தட்டுப்பாட்டுக் காலத்தில் கடையும் இணையமும் யாருக்குக் கை கொடுக்கும்? கார் இருப்பவருக்கு, பகலில் பத்துக் கடை ஏறி இறங்க நேரம் இருப்பவருக்கு, கிரெடிட் கார்டில் இடம் இருப்பவருக்கு. போன மாதம் வந்து இறங்கிய மாணவருக்கும், ஓட்டுநர் உரிமம் இன்னும் எடுக்காத புதுமணப் பெண்ணுக்கும் இதில் எதுவுமே இருக்காது. நூலகத்திலும் பள்ளியிலும் சமூக கிளினிக்கிலும் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

முதல் படி: கிட்டைத் தேடும் முன், அது இப்போது தேவையா என்று பாருங்கள்

டெஸ்ட் முடிவு உங்கள் அடுத்த செயலை மாற்றும் என்றால் மட்டும் அது தேவை. வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டது, மறுநாள் உங்களுக்கும் காய்ச்சல், தொண்டை வலி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றால் உங்களுக்கும் தொற்று என்றே வைத்துக்கொண்டு தனியே இருங்கள். இருக்கும் ஒரே கிட்டைத் தெரிந்த விடைக்குச் செலவழிக்க வேண்டாம்.

மாறாக, அறுபத்தைந்து தாண்டியவர், சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. 2021 டிசம்பர் 22இல் அவசரகால அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். கிட்டைத் தேடுவதிலேயே மூன்று நாள் போனால் மருந்துக்கான வாசல் பாதி மூடிவிடும். இப்படிப்பட்டவர்கள் கிட்டுக்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவரை அழைத்து, ஆய்வகத்தில் பார்க்கும் பிசிஆர் டெஸ்ட் கேட்பது நல்லது.

விமானப் பயணம் தனிக் கதை. அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் பறக்க 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் அறிக்கை வேண்டியிருந்தது. சமையலறை மேசையில் எடுத்த ஆன்டிஜென் டெஸ்டைக் காட்டினால் யாரும் ஏற்கவில்லை. அமெரிக்காவுக்குள் வர ஆன்டிஜென் போதுமாக இருந்தது, ஆனால் வீட்டில் எடுப்பதாக இருந்தால் வீடியோவில் ஒருவர் மேற்பார்வையிட்டுச் சான்று தரும் வகையாக இருக்க வேண்டியிருந்தது. பயணத்துக்கு எது செல்லும் என்று விமான நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டு அப்புறம் தேடுங்கள்.

இரண்டாம் படி: பொது இடங்களை அழையுங்கள்

இங்கே சுகாதாரத் துறை என்றால் பெரும்பாலும் கவுன்ட்டி அளவில் இயங்குவது, நம் மாவட்டம் போல. உங்கள் கவுன்ட்டியின் பெயர் தெரியாவிட்டால் ஜிப் கோடை (நம் பின்கோடு போல) இட்டுத் தேடினால் வந்துவிடும். அதன் சுகாதாரத் துறைப் பக்கத்தையும் நகராட்சிப் பக்கத்தையும் முதலில் பாருங்கள். கிட் விநியோக அறிவிப்புகள் பல சமயம் அங்கேதான் முதலில் வரும், செய்தித்தாளில் வருவதற்குள் கிட் தீர்ந்திருக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் 2021 நவம்பர் இறுதியில் வீட்டுக்கே இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் திறந்தார்கள். ஒரே நாளில் எல்லாம் பதிவாகி முடிந்துவிட்டது. அறிவிப்பை மின்னஞ்சலில் பெறப் பதிந்து வைப்பது சின்ன வேலை, பலன் பெரிது.

அடுத்து நூலகம். புதிதாக வந்தவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது, புத்தகக் கட்டிடத்தில் மருத்துவக் கிட் ஏன் இருக்கப்போகிறது என்று. ஆனால் ஊருக்கு ஊர் கிளை, மாலையிலும் சனிக்கிழமையும் திறந்திருக்கும், உள்ளே வர யாரும் எதுவும் கேட்பதில்லை. விநியோகத்துக்கு இதைவிட நல்ல இடம் அரசுக்குக் கிடைக்காது. வாஷிங்டன் நகரில் 2021 டிசம்பர் 22 முதல் நூலகக் கிளைகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிட், அதாவது நான்கு டெஸ்ட் கொடுத்தார்கள். பின்னர் வேறு பல ஊர்களும் இதையே செய்தன. போகும் முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: இன்று கிட் இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கொடுக்கத் தொடங்குவீர்கள், முகவரிச் சான்று வேண்டுமா? மூன்றாவது கேள்வி முக்கியம். உங்கள் பெயரில் மின்சார பில் இன்னும் வந்திருக்காது. வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக் கைபேசியில் வைத்திருங்கள்.

பிள்ளைகள் படித்தால் பள்ளி அனுப்பும் மின்னஞ்சல்களை ஒன்றுவிடாமல் படியுங்கள். பத்தில் ஒன்பது பீட்சா நாள் பற்றியதாக இருக்கும், பத்தாவது கிட் பற்றியதாக இருக்கலாம். 2022 ஜனவரியில் மத்திய அரசு பள்ளிகளுக்கென்று மாதம் 50 லட்சம் விரைவு டெஸ்ட்களை அறிவித்தது. பல்கலைக்கழக மாணவர்கள் வளாகச் சுகாதார மையத்தையும், தங்கும் விடுதி அலுவலகத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்றுக்கு வந்த சரக்கு மற்றொன்றுக்குத் தெரியாது என்பது இங்கே சகஜம்.

இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு முக்கியமானவை மத்திய அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். இந்த மையங்களுக்கும் கிராமப்புற கிளினிக்குகளுக்கும் 5 கோடி வரை கிட் தருவதாக 2021 டிசம்பரில் அரசு அறிவித்தது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு நீங்கள் எடுத்த பயணக் காப்பீட்டில் ஹோம் டெஸ்டுக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. அவர்களுக்கும் இதே வாசல்தான்.

எங்கே அழைப்பது என்றே தெரியாவிட்டால் 211. அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் சமூக உதவிகளைப் பற்றிச் சொல்லும் எண் அது. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இலவசக் கிட் வாங்கினால் நாளைக்கு கிரீன் கார்டில் பிரச்சினை வருமா என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் அப்போது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொரோனா பரிசோதனையோ சிகிச்சையோ பெறுவதை அரசுச் சலுகையைச் சார்ந்து வாழ்வதாகக் கணக்கில் கொள்ள மாட்டோம் என்று குடியேற்றத் துறை 2020 மார்ச்சிலேயே அறிவித்தது. தபால் கிட்டுக்கு விண்ணப்பித்தபோதும் விசா பற்றி எந்தக் கேள்வியும் இருக்கவில்லை. பெயர், முகவரி, அவ்வளவுதான். வேறொரு நோய்க்கு வேறொரு திட்டம் வந்தால் அதன் கேள்வி பதில் பக்கத்தில் இந்த ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தபால் திட்டம் திறந்தால் அன்றே பதியுங்கள், முகவரியில் கவனம்

2022 ஜனவரி 18 அன்று தளம் ஒரு நாள் முன்னதாகவே சோதனைக்காகத் திறந்துவிட்டது. ஒரு முகவரிக்கு நான்கு டெஸ்ட், அனுப்ப ஏழு முதல் பன்னிரண்டு நாள். இணையம் இல்லாதவர்களுக்குச் சில நாளில் தொலைபேசி எண்ணும் வந்தது.

சிக்கல் அபார்ட்மென்ட் வாசிகளுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் பதிந்திருந்தால் ‘இந்த முகவரிக்கு ஏற்கெனவே ஆர்டர் ஆகிவிட்டது’ என்று தளம் பலரைத் திருப்பி அனுப்பியது. தபால் துறையின் பதிவில் அந்தக் கட்டிடம் ஒரே வீடாக இருந்ததே காரணம். வீட்டு எண்ணைத் தெருப் பெயரோடு ஒட்டி எழுதாமல் அதற்கென்று உள்ள கட்டத்தில் இடுங்கள். அப்படியும் மறுத்தால் தபால் துறைத் தளத்தில் புகார் பதியலாம். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கலாம். வீட்டுக்காரர் பதிந்துவிட்டால் நீங்கள் அவரிடம்தான் பேச வேண்டும்.

போலித் தளங்கள் உடனே முளைக்கும். நீங்கள் தொடங்கும் தளத்தின் முகவரி ‘டாட் கவ்’ (.gov) என்று முடிகிறதா என்று பாருங்கள். இலவசக் கிட்டுக்குக் கிரெடிட் கார்டு எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்டால் மூடிவிடுங்கள்.

நான்காம் படி: இப்போது கடை

கடையின் இணையப் பக்கத்தில் ‘இருக்கிறது’ என்று காட்டினால் அது காலை நிலவரமாக இருக்கலாம். போன் செய்யுங்கள். சரக்கு வண்டி எந்த நாள் வரும் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். பல கடைகள் கிட்டை அலமாரியில் வைக்காமல் கவுன்டருக்குப் பின்னால் வைத்துக் கேட்பவருக்கு மட்டும் கொடுத்தன. அதனால் அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

இன்ஷூரன்ஸ் விதி நடைமுறையில் இருந்தபோது இரண்டு வகை இருந்தது. உங்கள் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள மருந்துக்கடையில் கையிலிருந்து பணம் தராமல் வாங்கலாம். மற்ற இடத்தில் வாங்கினால் ரசீதை அனுப்பி ஒரு டெஸ்டுக்கு 12 டாலர் வரை திரும்பப் பெறலாம். கையில் முன்பணம் இல்லாதவருக்கு இரண்டாவது வழி வெறும் காகிதம். இப்படி ஒரு விதி மறுபடி வந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: எந்தக் கடையில் முன்பணம் தேவையில்லை?

விலையைப் பற்றி. வால்மார்ட்டும் க்ரோகரும் வெள்ளை மாளிகையோடு செய்த ஏற்பாட்டில் பைனாக்ஸ்நவ் இரட்டைப் பெட்டியை 14 டாலருக்கு விற்றன. ஏற்பாடு டிசம்பரில் முடிந்ததும் ஜனவரியில் அது 19.88, 23.99 என்று ஏறியது. இது கசப்பாக இருந்தாலும் சட்டத்துக்குள் நடந்தது. இரண்டு மூன்று மடங்குக்கு விற்ற சில கடைகளின் கதை வேறு; நியூயார்க் உட்படப் பல மாநிலங்களில் நெருக்கடிக் காலத்தில் அத்தியாவசியப் பொருளை அநியாய விலைக்கு விற்பது சட்டவிரோதம். ரசீதையும் அலமாரி விலைச்சீட்டின் படத்தையும் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் புகார் பக்கத்தில் ஏற்றலாம். புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை.

அவசரத்தில் யாரிடமோ வாங்கும் முன் பெட்டியைப் பாருங்கள். மருந்துகளுக்கும் டெஸ்ட்களுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பு எஃப்டிஏ; அதன் அனுமதி பெற்ற கிட்களின் பெயர்ப்பட்டியல் அதன் தளத்தில் இருக்கும். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதாது. ஃப்ளோஃப்ளெக்ஸ் என்ற கிட்டில் அனுமதி பெற்றது வெள்ளைப் பெட்டி. அதே நிறுவனத்தின் அடர்நீலப் பெட்டி அமெரிக்காவில் அனுமதி பெறாதது என்று 2022 தொடக்கத்தில் எச்சரிக்கை வந்தது. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் கிட்டும் இப்படித்தான். 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் ஒப்புதல் பெற்று 250 ரூபாய்க்கு வந்த கோவிசெல்ஃப் உங்கள் சொந்த நிம்மதிக்கு உதவலாம். பள்ளியோ அலுவலகமோ ஆதாரம் கேட்டால் இங்குள்ள அனுமதிப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

கிட் கிடைக்காத எரிச்சலில் தெருவோரப் பரிசோதனைக் கூடாரங்களில் மூக்கை நீட்டுவதற்கு முன்னும் யோசியுங்கள். இலினாய்ஸை மையமாகக் கொண்டு பல மாநிலங்களில் இப்படி இடங்களை நடத்திய ஒரு நிறுவனம், முடிவுகளே வராமல் புகார்கள் குவிந்து, 2022 ஜனவரியில் விசாரணைக்குள்ளாகி மூடப்பட்டது. எந்த ஆய்வகத்துக்கு மாதிரி போகிறது என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

யாருக்கு முதலில்?

அரசுத் திட்டங்களிலேயே நியாயக் குறைவு தெரிந்தது. தனியாக இருப்பவருக்கும் நான்கு டெஸ்ட். தாத்தா பாட்டி, இரண்டு குடும்பம் என்று எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கும் நான்கு. எட்டுப் பேர் வீட்டில்தான் முதியவரும் இருப்பார், தொற்று அறைக்கு அறை பரவவும் செய்யும். இதை ஓரளவு ஈடுகட்ட, ஒவ்வொரு நாளும் முதல் 20 சதவீத ஆர்டர்களைப் பின்தங்கிய, அதிகம் பாதிக்கப்பட்ட ஜிப் கோடுகளுக்கு ஒதுக்குவதாக அரசு சொன்னது. எனக்குப் பிடித்தது மாசசூசெட்ஸ் செய்தது. 2021 டிசம்பரில் 21 லட்சம் டெஸ்ட்களை, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்கள் அதிகமுள்ள 102 ஊர்களுக்கு முதலில் அனுப்பினார்கள். இணையத்தில் யார் விரைவாகத் தட்டுகிறார்கள் என்ற ஓட்டப்பந்தயமே இல்லை. பார்வை இல்லாதவர் கோட்டைப் பார்த்து முடிவு தெரிந்துகொள்ள முடியாது என்பது நினைவுக்கு வர 2022 ஜூன் ஆயிற்று. அப்போதுதான் கைபேசி வழியே குரலில் முடிவு சொல்லும் கிட்டை இலவசமாகக் கொடுத்தார்கள்.

உங்கள் அபார்ட்மென்ட் குழுவிலோ தமிழ்ச் சங்கக் குழுவிலோ இதையே சின்ன அளவில் செய்யலாம். எந்தக் கிளையில் கிட் இருக்கிறது என்று எழுதும்போது நேரத்தையும் எழுதுங்கள். நேற்றைய செய்தியை நம்பி ஒருவர் பஸ் ஏறிப் போவார். காஸ்ட்கோவில் மொத்தமாகக் கிடைத்தால் நான்கு வீட்டுக்குப் பிரித்து வாங்கிய விலைக்கே கொடுங்கள். ஒரு டாலர் லாபம் வைத்தாலும் அது குழுவில் நிலைக்கும் பேச்சாகிவிடும். பிரிக்கும்போது ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித் திரவக் குப்பி, மூக்கில் விடும் தனி ஸ்வாப் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள், கையேட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். இருப்பதே இரண்டு என்றால் என் வரிசை இது: மாத்திரை தேவைப்படக்கூடியவர், அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருப்பவர், டெஸ்ட் இல்லாமல் வேலைக்குப் போனால் பிறருக்குப் பரப்பியும் போகாவிட்டால் கூலியை இழந்தும் தவிப்பவர். பார்ட்டிக்கு முன் ஒரு நிம்மதிக்காகக் கேட்பவர் கடைசி. அவர் பார்ட்டியைத் தள்ளிப்போடலாம்.

கிடைத்த கிட்டை வீணாக்காமல்

தபாலில் வந்த பெட்டி பனியில் கிடந்திருக்கலாம். அறைச் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரம் விட்டுப் பிரியுங்கள். கிட் சரியாக வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்த முடிவு செல்லாது. நேரத்தைக் கடிகாரத்தில் வையுங்கள், பதினைந்து என்றால் பதினைந்து. மறுநாள் குப்பையில் தெரியும் மங்கல் கோட்டுக்கு அர்த்தம் இல்லை. ஒரு முறை நெகட்டிவ் என்பதோடு விட்டுவிட முடியாது என்பதால்தான் பெட்டியில் இரண்டு இருக்கிறது. அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மூன்று முறை என்று எஃப்டிஏ 2022 ஆகஸ்டில் சொன்னது. அதனால் கடைசிக் கிட்டை முதல் தும்மலிலேயே உடைக்க வேண்டாம்.

திரவக் குப்பி குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. சிலவற்றில் சோடியம் அசைடு என்ற நச்சுப்பொருள் சிறிதளவு உண்டு; கண் சொட்டு மருந்து என்று நினைத்து விட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். விழுங்கினாலோ கண்ணில் பட்டாலோ 1-800-222-1222, நச்சு உதவி மையம், இரவும் பகலும்.

பெட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி தாண்டிவிட்டால் உடனே எறியாதீர்கள். புதிய தயாரிப்பு என்பதால் முதலில் குறைந்த ஆயுளே கொடுத்தார்கள், ஆய்வு முடிய முடிய நீட்டினார்கள். எஃப்டிஏ தளத்தில் உங்கள் கிட்டின் பெயரையும் பெட்டியில் உள்ள லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) பார்த்தால் புதிய தேதி தெரியும். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் இருக்கையில் மிச்சமிருப்பதைக் குழுவில் போட்டுவிடுங்கள், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள்.